இன்னும் பிறவாத மனுதாரர்

பூமியைக் காப்பது குறித்து உலக நாடுகள் தொலைதூர நகரம் ஒன்றில் கூடிப் பேசிக் கையெழுத்திட்டுக் கலைந்த இரண்டாம் ஆண்டில், அந்தக் கையெழுத்துகளுள் ஒன்றின் விளைவு முகப்பேர் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் இரண்டாம் மாடிக்கு வாடகைக்கு வந்து சேர்ந்தது. 'வருங்காலத் தலைமுறைகள் நலன் காக்கும் ஆணையம்' என்ற பெயர்ப் பலகை வாசலைவிட அகலமாக இருந்தமையால், பக்கத்து வீட்டுச் சுவரிலும் ஒன்றரை அடி நீண்டு நின்றது. இன்று வாழ்வோர் தம் தேவைகளை நிறைவு செய்துகொள்ளலாம். ஆனால் நாளை வாழப்போவோரின் தேவைகளுக்கு ஊறு விளைவிக்கலாகாது. இதுவே ஆணையத்தின் அடிப்படைக் கொள்கை. இதன் இரண்டாம் பாதியை மட்டும் ஆணையம் எடுத்துக்கொண்டது. முதல் பாதிக்கு வேறு ஏதேனும் துறை இருக்கும் என்று நம்பப்பட்டது.

அலுவலகம் திறந்து எட்டு மாதங்கள் ஆகியும் ஒரு மனுகூட வரவில்லை. பிறவாதவர்கள் பொதுவாக அலுவலகங்களுக்கு வருவதில்லை.

வேம்புலி அங்கே போனதற்குக் காரணம் அச்சம். பாடியின் பின்புறத்தில், நகராட்சியும் ஊராட்சியும் தத்தம் எல்லைக்கு வெளியே என்று கருதிய ஒரு தெருவில் அவன் வீடு இருந்தது. ஆகவே இரண்டின் தண்ணீர் லாரியும் அங்கே வருவதில்லை. தெருமுனை அடிபம்பில் கார்த்திகை மாதம் முதல் தண்ணீர் மஞ்சளாக வந்தது. காய்ச்சினால் மஞ்சள் கூடியதே தவிரக் குறையவில்லை. அவன் மனைவி நாகவல்லிக்கு ஐந்தாம் மாதம். முந்தைய கர்ப்பம் ஐந்தாம் மாதத்தில்தான் கலைந்தது.

தெருவில் மற்றவர்களுக்கு அது வெறும் மஞ்சள். வேம்புலிக்கு அந்த மஞ்சள் தெரியும். சைக்கிள் ஹேண்டில்பார்களுக்கு முலாம் பூசும் பட்டறையில் அவனுக்கு வேலை. பளபளக்கும் கம்பிகளைக் கடைசித் தொட்டியில் அலசி எடுக்கும்போது அந்தத் தொட்டித் தண்ணீர் இதே நிறத்துக்கு வரும். மாலையில் அதைப் பட்டறைக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் திறந்துவிடுவதும் அவன் கைதான்.

"தண்ணி மஞ்சளா வருதுடா," என்று உடன் வேலை பார்க்கும் கிறிஸ்துராஜிடம் சொன்னான்.

"தண்ணிக்குமா காமாலை வரும் மாமே?"

"சிரிக்காத. நம்ம கடைசித் தொட்டி தண்ணி மாரியே கீது."

கிறிஸ்துராஜ் சிரிப்பதை நிறுத்தினான். கையில் இருந்த கம்பியைத் தொட்டியில் இறக்காமல் சற்று நேரம் பிடித்துக்கொண்டே நின்றான். மறுநாள் காலையில் அம்பத்தூரிலிருந்து ஒரு கேன் தண்ணீரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான். அது ஒருத்தி இரண்டு நாள் குடிக்கக் காணும். முகப்பேரில் புதிதாக ஓர் ஆபீஸ் திறந்திருப்பதாகவும், வரப்போகிற பிள்ளைகளுக்காகவே அரசாங்கம் அதை வைத்திருப்பதாகவும் அவன்தான் சொன்னான்.

அரசு முத்திரை உள்ள எந்தத் தாளைக் கண்டாலும் வேம்புலி சொன்னதைச் செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்வான். ஆனாலும் போனான். துணைக்குக் கிறிஸ்துராஜும் போனான்.

மேசைக்குப் பின்னால் இருந்த அலுவலர் ஜேம்ஸ் படிவத்தை எடுத்துக்கொண்டார்.

"நிவாரணம் யாருக்கு வேண்டும்?"

"எனுக்கும் எம் பொஞ்சாதிக்கும் சார்."

"இருவரும் பிறந்துவிட்டீர்களா?"

வேம்புலி யோசித்தான். எந்தப் பதில் தன்னைச் சிக்கலில் மாட்டிவிடும் என்று அவனுக்குப் புலப்படவில்லை. கடைசியில், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவனின் குரலில், "பொறந்துட்டோம் சார்," என்றான்.

"அப்படியானால் நீங்கள் நிகழ்காலத் தலைமுறை. நியாயமாகப் பார்த்தால் இந்த அலுவலகமே உங்களுக்கு எதிராகத்தான் ஏற்படுத்தப்பட்டிருக்கிறது."

வேம்புலி உடனே எழுந்துவிட்டான். கிறிஸ்துராஜ் அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தான். "சார், இவன் பொஞ்சாதி வவுத்துல ஒண்ணு கீது. அது இன்னும் பொறக்கல. அதுக்காவது தருவீங்களா?"

ஜேம்ஸின் முகத்தில் எட்டு மாத இருள் விலகியது. பேனாவை உதறிக்கொண்டு எழுதத் தொடங்கினார். மனுதாரர் பெயர்: இன்னும் வைக்கப்படவில்லை. வயது: மைனஸ் நான்கு மாதம். தொழில்: இல்லை. முகவரி: நாகவல்லி. கோரிக்கை: குடிநீர்.

"மனுதாரர் வரும் வியாழக்கிழமை நேரில் தோன்ற வேண்டும்," என்றார்.

வியாழக்கிழமை நாகவல்லி இரண்டு மாடி ஏறினாள். ஆணையர் லோகநாயகி அம்மையார் சர்வதேசச் சட்டம் படித்தவர். வெளிநாட்டு மாநாடுகளின் அடையாள அட்டைகள் அவருடைய அறைச் சுவரில் மாலைகளைப் போலத் தொங்கின. அவர் நாகவல்லியின் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைப் பார்த்து வணக்கம் சொன்னார்.

"மனுதாரரே, உங்கள் குறை என்ன?"

"தண்ணி வாயில வைக்க முடியல மேடம். குமட்டிகினு..." என்று நாகவல்லி தொடங்கினாள்.

"அம்மா, நீங்கள் மனுதாரரின் முகவரி. முகவரி பேசக் கூடாது."

மனுதாரர் எதுவும் கூறவில்லை. ஆணையர் முழுதாக ஐந்து நிமிடம் காத்திருந்தார். பிறகு, 'மனுதாரர் கண்ணியமான மௌனம் காத்தார்' என்று குறிப்பெழுதச் சொன்னார். மாடி ஏறி வந்த களைப்பில் நாகவல்லி குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டாள். அதை எந்தப் பத்தியில் பதிவு செய்வது என்று ஜேம்ஸ் படிவத்தைப் புரட்டினார். இடம் இல்லை.

"எதிர்மனுதாரர் நிகழ்காலத் தலைமுறை," என்று ஆணையர் தொடர்ந்தார். "மொத்தம் ஐந்நூற்று அறுபது கோடிப் பேர். எல்லோருக்கும் நோட்டீஸ் அனுப்ப நமக்குத் தபால்தலை ஒதுக்கீடு இல்லை. ஆகவே, மனுதாரருக்கு மிக அருகில் கிடைக்கும் ஒருவரைப் பிரதிநிதியாகக் கொள்ள விதி இடமளிக்கிறது." அவர் கண்ணாடியைக் கழற்றி, முதன்முறையாக ஒரு முகத்தைப் பார்த்தார். அது வேம்புலியின் முகம். "நீங்கள்தானே தந்தை?"

ஜேம்ஸ் ஒரு தாளை நீட்டினார். 'வருங்காலத் தலைமுறை எதிர் வேம்புலி' என்று தலைப்பு இருந்தது. கீழே முத்திரை.

தொட்டித் தண்ணீரைத் திறந்துவிடும் கை தன் கைதான் என்பது இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் வேம்புலி முதலில் நினைத்தான். பிறகு மிக மெல்லிய குரலில், "பட்டறை மொதலாளி பேர்ல இல்லீங்களா மேடம்?" என்றான்.

"அவர் வளர்ச்சி," என்றார் ஆணையர். "வளர்ச்சியும் சுற்றுச்சூழலும் பகைவர்கள் அல்ல, கைகோத்து நடக்க வேண்டியவர்கள். அதனால்தான் அவரை எங்கள் ஆலோசனைக் குழுவில் உறுப்பினர் ஆக்கியிருக்கிறோம். இந்த மேசை அவர் தந்தது."

தெருவுக்குச் செய்தி அவனுக்கு முன்பே போய்விட்டது. அடிபம்பின் அருகே நின்ற எதிர்வீட்டுக் கெங்கம்மாள் அவனைக் கண்டதும் குடத்தை இறக்கி வைத்தாள்.

"இன்னா வேம்புலி, வவுத்துல கீறப்பவே புள்ள உம்மேல கேசு போட்டுச்சாமே. வெளிய வந்தா ஜாமீன் கூடக் குடுக்காது போல."

"சும்மா கீறியா அக்கா."

"நான் சும்மாத்தான் கீறேன். தண்ணிதான் சும்மா இல்ல." குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "இன்னிக்கு மஞ்சா இன்னும் ஏறிக்கீது பாரு. மூஞ்சிக்கு மஞ்சாவே வாங்க வேணாம், இதையே தேச்சிக்கலாம் போல."

அந்த வாரம் கெங்கம்மாளின் ஆடு குட்டி போட்டது. இரண்டு குட்டிகளும் செத்தே பிறந்தன. நாகவல்லிக்குத் தெரியக் கூடாது என்று வேம்புலி அவற்றைச் சாக்கில் கட்டி, ரயில் பாதைக்கு அப்பால் புதைத்துவிட்டு வந்தான். வீட்டுக்குள் நுழைந்ததும், "எவ்ளோ ஆழம் தோண்டின?" என்று கேட்டாள் நாகவல்லி. அன்று முதல் அவள் பகலில் வயிற்றின் மேல் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். அசைவு தெரிந்தால் தலையை ஆட்டுவாள். வேம்புலி அவளுடைய தலையைப் பார்த்துக்கொண்டே சோறு தின்றான்.

அடுத்த அமர்வு சமய அறவியல் துணைக்குழுவுடையது. மனுதாரர் எந்தக் கணம்வரை வருங்காலத் தலைமுறையாகக் கருதப்படுவார் என்பது சட்டத்தில் தெளிவாக இல்லை. சமயங்கள் தெளிவுபடுத்த வேண்டும் என்று ஆணையம் கேட்டிருந்தது.

முதலில் சொற்பொழிவாளர் அய்யாசாமி எழுந்தார். "நிலம், நீர், தீ, காற்று, வானம் ஐந்தையும் வணங்கியவர்கள் நாம். இதே உரையை நான் வெளிநாட்டில் நிகழ்த்தியபோது அவையே எழுந்து நின்றது. இங்கே நாற்காலி போதாமையால் நீங்கள் முதலிலேயே நிற்கிறீர்கள், நல்லது. உயிர் பல பிறவி எடுப்பது. ஆகவே மனுதாரர் வருங்காலத் தலைமுறை மட்டுமல்லர். கடந்த தலைமுறையும் ஆவார். சென்ற பிறவியில் இவரே ஒரு நதியைக் கெடுத்திருக்கக்கூடும். அதை விசாரிக்காமல் தண்ணீர் தருவது வினைப்பயனில் குறுக்கிடுவதாகும்." ஒரு மிடறு குடித்தார். அவருக்கென்று மாங்காட்டிலிருந்து இளநீர் வந்திருந்தது.

அருட்தந்தை பாஸ்கல் மென்மையானவர். "இவ்வுலகத்துக்கு மனிதன் உரிமையாளன் அல்லன், பொறுப்பாளன் மட்டுமே," என்றார். "பொறுப்பில் முதலில் தவறியவர்கள் நம் ஆதிப் பெற்றோர். அவர்களைச் சேர்க்காமல் இந்த வழக்கு நிறைவுபெறாது என்பது என் பணிவான கருத்து. தாகம் பெரியது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தாகத்தைப் பற்றிய தியானம் அதனினும் பெரியது. நாங்கள் இதற்கென ஒரு நோன்புக்காலக் கையேடு அச்சிட்டிருக்கிறோம்." நாகவல்லிக்கு ஒரு பிரதி கொடுத்தார். நல்ல வழவழப்பான தாள்.

ஆதிப் பெற்றோரின் முகவரி கிடைக்காதென்று ஜேம்ஸ் தெரிவித்ததால் அவர்கள் விடுவிக்கப்பட்டனர். மூன்று மணி நேர விவாதத்துக்குப் பின் இரு சமயங்களும் இரண்டு முடிவுகளில் ஒன்றுபட்டன. அந்த ஒற்றுமையை ஆணையர் கண்கலங்கப் பாராட்டினார். முதலாவது: முதல் அழுகுரல் எழும் கணத்தில் ஒருவர் நிகழ்காலத் தலைமுறையாகிவிடுகிறார். இரண்டாவது: எந்த உத்தரவும் மனுதாரரின் காதில் விழும்படி முழுமையாகப் படிக்கப்பட வேண்டும், வயிற்றுப் பிள்ளையின் செவி வளையல் ஓசையில்தான் விழிக்கிறது என்பது இவ்வூர் நம்பிக்கை, எனவே உத்தரவை வளைகாப்பு அன்று படிப்பதே அறம்.

"எங்க ஊட்ல ஏழாம் மாசமே வளையல் அடுக்கிடுவோம் மேடம்," என்றான் வேம்புலி. இந்த ஓர் இடத்தில் அவன் குரல் சற்று உயர்ந்தது. "வர்ற மாசமே வெச்சிக்கலாம்."

"அதற்குள் முகவுரை தட்டச்சு ஆகாது," என்றார் ஆணையர். "ஒன்பதாம் மாதம்."

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் வளைகாப்பு நடந்தது. ஆணையம் ஜீப்பில் வந்தது. துணிப் பதாகை ஒன்றை நாகவல்லியின் நாற்காலிக்குப் பின்னால் கட்டினார்கள். அதில் பூமி உருண்டையை இரண்டு கைகள் தாங்கிக்கொண்டிருந்தன. கெங்கம்மாள் சந்தனம் பூசி, வளையல்களை ஏற்றினாள். புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் கேன் தண்ணீரில் பொங்கியவை. அதற்காகக் கிறிஸ்துராஜ் மூன்று நடை போயிருந்தான். லோகநாயகி அம்மையார் நாகவல்லியின் கையைப் பிடித்து வளையல்களை ஒருமுறை குலுக்கி, மனுதாரரை எழுப்பிவிட்டு, உத்தரவைப் படிக்கத் தொடங்கினார்.

உத்தரவு நாற்பத்திரண்டு பக்கம். முதல் பதினாறு பக்கங்களில் உலக நாடுகள் எங்கெங்கே கூடின, எந்தெந்தக் கோட்பாடுகளை 'ஆழ்ந்த கவலையுடன்' குறித்துக்கொண்டன என்பது விளக்கப்பட்டிருந்தது. பதினேழாம் பக்கத்தில் நாகவல்லி கெங்கம்மாளின் கையை இறுகப் பற்றினாள். இரண்டு வளையல்கள் உடைந்தன.

"ஏய், பனிக்குடம் உடஞ்சிச்சு! ஆட்டோவ கூப்புடு!" என்று கத்தினாள் கெங்கம்மாள்.

தனியே ஜீப்பில் போனால் தாம் படிப்பது மனுதாரருக்குக் கேட்காது என்பதால் ஆணையரும் ஆட்டோவில் ஏறிக்கொண்டார். பின் இருக்கையில் நாகவல்லி, ஒருபுறம் கெங்கம்மாள், மறுபுறம் ஆணையர். டிரைவர் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தொங்க வேம்புலி. பாடி சந்திப்பில் லாரிகள் நான்கு திசையிலும் அடைத்துக்கொண்டு நின்றன. ஆணையர் இருபத்து நான்காம் பக்கத்தை உரக்கப் படித்தார். நாகவல்லி அதனினும் உரக்கக் கத்தினாள்.

"மேடம்," என்று திரும்பினான் வேம்புலி. "கடைசிப் பக்கத்த மட்டும் படிச்சிடுங்க மேடம். உங்க கால்ல வுழறேன்."

"முகவுரை இல்லாமல் உத்தரவு செல்லாது. நான் சட்டம் படித்தவள்," என்றார் ஆணையர், இருபத்தைந்தாம் பக்கத்தைத் திருப்பினார். அவருக்கும் வியர்த்திருந்தது. அவர் வேகமாகத்தான் படித்தார். அதை மறுக்க முடியாது.

பிரசவ அறை வாசலில் ஆயா அவரை மறித்தாள். "பேப்பர் எல்லாம் உள்ள கூடாது, தள்ளு." ஆணையர் மூடிய கதவில் வாயை வைத்துப் படித்தார். முப்பத்து மூன்று. முப்பத்தாறு. கதவின் அந்தப் புறத்தில் நாகவல்லியின் குரல் நின்றுபோனது. வேம்புலி சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டான். முப்பத்தொன்பதாம் பக்கத்தின் நடுவில், 'ஆகவே மேற்கண்டவற்றை எல்லாம் கருத்தில் கொண்டு' என்று அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில், மிகச் சின்னதாக ஓர் அழுகை கேட்டது.

வேம்புலி எழுந்தான். கெங்கம்மாளைப் பார்த்துச் சிரித்தான். பிறகுதான் ஆணையர் கோப்பை மூடுவதைக் கண்டான்.

"நாளொன்றுக்கு இரண்டு குடம், லாரி மூலம், உங்கள் வாசலுக்கே," என்றார் அவர். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "நாற்பத்திரண்டாம் பக்கம். என் பணிக்காலத்தின் மிகச் சிறந்த உத்தரவு. இனிச் செல்லாது. ஆனால் முகவுரையை அடுத்த மாநாட்டில் படிக்கிறேன்."

பெண் குழந்தை. ஒன்றேமுக்கால் கிலோ. தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கூடாது, தாய் நிறைய நல்ல தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்லி, மருத்துவர் அவர்களை வீட்டுக்கு அனுப்பினார்.

பன்னிரண்டாம் நாள் உச்சி வெயிலில் முகப்பேரிலிருந்து ஜேம்ஸ் சைக்கிள் மிதித்து வந்தார். தோளில் ஒரு ஜோல்னாப் பை. அதில் ஒரு கோப்பும் ஒரு பாட்டில் தண்ணீரும் இருந்தன. பாயில் உட்கார்ந்து, இருமி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு படித்தார். மனுதாரர் பிறந்துவிட்டமையால் மனு அற்றுப்போகிறது. அவர் நிகழ்காலத் தலைமுறையில் சேர்ந்துவிட்டமையால், வழக்கில் இரண்டாம் எதிர்மனுதாரராகச் சேர்க்கப்படுகிறார். பிறந்த நாள் முதல் இன்றுவரை தாம் நுகர்ந்த இயற்கை வளங்களால் இனிப் பிறக்கவிருப்போருக்கு ஊறு நேரவில்லை என்பதை முப்பது நாட்களுக்குள் அவர் மெய்ப்பிக்க வேண்டும்.

"யாருக்கு சார் நோட்டீஸ்? எனுக்கா?" என்றான் வேம்புலி.

"உங்களுக்கு முன்பே கொடுத்தாயிற்று. இது குழந்தைக்கு. பெற்றுக்கொண்டதற்குக் கைநாட்டு வேண்டும்."

அவர் மைப்பெட்டியைத் திறந்தார். வேம்புலி குழந்தையை மடியில் வாங்கினான். அரசு முத்திரை வைத்த தாள் என்பதால் அவன் கை தானாகவே நீண்டு, மகளின் கட்டைவிரலை ஜேம்ஸிடம் கொடுத்தது. அவரைக்கொட்டை அளவு விரல். மை அதைவிடப் பெரிதாக அப்பியது. தாளில் ஒரு நீலப் பொட்டு விழுந்தது. ஜேம்ஸ் ஊதி உலர்த்தினார். அதற்குள் குழந்தை அந்த விரலை வாய்க்குக் கொண்டுபோயிற்று.

"ஐயோ, கழுவு! கழுவு!" என்று நாகவல்லி பாய்ந்தாள்.

கேன் காலியாக இருந்தது. மூலையில் குடம் நிறைய இருந்தது; அதில் இருந்தது மஞ்சள். வேம்புலி குடத்தைப் பார்த்தான், குழந்தையின் உதட்டில் இருந்த நீலத்தைப் பார்த்தான். பிறகு அவன் இதுவரை செய்திராத ஒன்றைச் செய்தான். ஓர் அலுவலரின் பையில் கையை விட்டுப் பாட்டிலை உருவினான்.

"யோவ், என்னய்யா இது? அது நான் சாயங்காலம் வரைக்கும்..." ஜேம்ஸின் இலக்கணம் முதன்முறையாகக் குலைந்தது.

வேம்புலி கேட்டுக்கொண்டிருக்கவில்லை. விரலைக் கழுவினான், உதட்டைத் துடைத்தான், மறுபடியும் விரலைக் கழுவினான். மீதியை நாகவல்லியிடம் கொடுத்தான். அவள் பாட்டிலைக் கவிழ்த்து, ஒரு மூச்சில் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். நான்கு மாதங்களுக்கு முன்பு இரண்டாம் மாடியில் கேட்டும் கிடைக்காத தண்ணீரைப் போல அவள் அதைக் குடித்தாள்.

ஜேம்ஸ் எதையோ எழுதுவதற்காகப் பேனாவை எடுத்தார். இருமல் வந்தது. அடக்கினார், அது இன்னும் பெரிதாக வந்தது. கண்ணில் நீர் முட்ட, தண்ணீர் கேட்டுச் சைகை காட்டினார்.

வீட்டுக்கு வந்தவர் தவிக்கப் பார்த்துக்கொண்டிருக்க நாகவல்லிக்கு மனம் வரவில்லை. எவர்சில்வர் டம்ளரைக் குடத்தில் முக்கி, விளிம்பைத் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். "இந்தாங்க சார்."

ஜேம்ஸ் டம்ளரை வாங்கினார். வாய்வரை கொண்டுபோனவர் உள்ளே பார்த்தார். டம்ளரைச் சட்டென்று இறக்கினார், கொஞ்சம் கோப்பின் மேல் சிந்தியது.

"எனக்கு ரெண்டு கொழந்தைங்க இருக்காங்கம்மா," என்றார்.

வேம்புலி மடியில் இருந்தவளின் விரலை இன்னும் துடைத்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"எனுக்கு ஒண்ணுதான் சார்," என்றான்.